கரையேறாத ஹீரோ

போன ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. படம் முடிந்தது. பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன. விளக்குகளைப் போட்டார்கள். ஜனம் எழுந்து, இருட்டில் உதறிய செருப்பைக் காலாலேயே தேடிப் பிடித்து, வாட்ஸ்அப்பைத் திறந்தபடி வாசலைப் பார்த்து நகர்ந்தது.

எங்கள் வரிசை மட்டும் எழவில்லை.

நாங்கள் நான்கு பேர். நான், அம்மா, என் அண்ணனின் மனைவி சுகுணா அண்ணி, எதிர் வீட்டு டில்லியக்கா. துடைப்பத்தோடு வந்த பெண்மணி எங்கள் காலடியில் சிந்தியிருந்த பாப்கார்னைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"படம் முட்ஞ்சிச்சும்மா. கெளம்புங்க."

"எங்க முட்ஞ்சிச்சு? அந்த ஆளு இன்னும் தண்ணிலயே கீறான்" என்றார் டில்லியக்கா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டில்லியக்கா விளையாடும்போது குரல் உயரும். அப்போது தாழ்ந்திருந்தது.

என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால், எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. ஆண்களில் பாதிப் பேர் எப்போதும் கடலில். விசைப்படகில் போகிறவர்கள் அன்றைக்கே திரும்புவதில்லை. ஐஸ் தீரும் வரை, டீசல் தீரும் வரை கடல்தான் வீடு. பெண்கள் மீன் விற்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், நேரம் கிடைத்தால் படம் பார்க்கிறார்கள். நிறையவே பார்க்கிறார்கள்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது படகு கவிழ்கிற படம் பார்க்கக் கூடாது. தெரியாமல் பார்த்துவிட்டால்? பாதியில் எழக் கூடாது. திரையில் தண்ணீருக்குள் போனவன் கரையேறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். டிவி என்றால் சேனல் மாற்றக் கூடாது. கரண்ட் போனால், வந்ததும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

"அவன் செத்துட்டா?" என்று சின்ன வயதில் அம்மாவைக் கேட்டிருக்கிறேன்.

"செத்துட்டா அது கதை. எய்ந்து வந்துடலாம். உசுரோட தண்ணில வுட்டுட்டு வர்றதுதான் பாவம்."

யார் ஆரம்பித்து வைத்த வழக்கம், தெரியாது. பக்கத்துத் தெருவில் உண்டா, அதுவும் தெரியாது. எங்கள் தெருவில் உண்டு. அவ்வளவுதான்.

இந்த வழக்கத்தால் எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். ஷிப்பிங் ஆபீஸில் வேலை. வாரா வாரம் உங்களோடு இந்தப் பக்கத்தில் அரட்டை. இதற்கெல்லாம் தெருவில் மரியாதை என்று நினைக்கிறீர்களா? இல்லை. எந்தப் படத்தில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்கிறேனே — அதற்குத்தான். நான்தான் தெருவின் சென்சார் போர்டு.

ஆபீஸில் யாராவது படத்தின் முடிவைச் சொல்ல வாயெடுத்தால் நான்கு பேர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஸ்பாய்லராம். எங்கள் தெருவில் ஸ்பாய்லர் குற்றம் இல்லை — கடமை.

போன மாதம், அண்ணன் கடலில் இருந்தபோது, ஒரு விண்வெளிப் படம். தமிழில் டப்பிங் செய்தது. வீட்டில் டிவியில் போட்டோம். ஹீரோ ராக்கெட்டை விட்டுப் பிரிந்து தனியாக மிதக்கிறான். கயிறு அறுந்துவிட்டது. அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஆனால், எழலாமா?

"ஆகாசம் கணக்குல வருமா யக்கா?" என்று டில்லியக்கா அம்மாவைக் கேட்டார்.

அம்மா யோசித்தார். "தரைய வுட்டுப் போனா எல்லாம் கணக்குதான்."

சுகுணா அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணி சாத்தாங்காட்டுப் பெண். அவருடைய நைனா இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். "எங்கூட்ல இரும்பு அத்த. போட்டா போட்ட எடத்துலயே கெடக்கும். இந்த பேஜாருலாம் கெடயாது" என்றார். ஆனாலும் உட்கார்ந்திருந்தார். ஒரு வழியாக அந்த விண்வெளிக்காரன் பூமிக்கு வந்து சேர்ந்தான் — எங்கே விழுந்தான் தெரியுமா? நடுக்கடலில். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கப்பல் வந்து அவனைத் தூக்கும் வரை மறுபடி காவல்.

என் கருத்து? நல்ல படம். முக்கால் மணி நேரம் வெட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒரு பேய்ப் படம் போனோம். மலை மேல் பங்களா. மூன்று நண்பர்கள். பாதி ராத்திரியில் பாத்ரூமில் குழாய் தானாகத் திறந்து தண்ணீர் கொட்டுகிறது. தியேட்டரே அலறியது. டில்லியக்கா மட்டும் என் காதில் சொன்னார், "பாரேன், பேய்க்குக் கூட மெட்ரோ வாட்டர் வருது. நம்ப கொடம் வெச்சிகினு நிக்கிறோம்." அதற்குப் பிறகு அந்தப் பேயைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பேய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயமுறுத்துவதற்கு முன், பார்க்கிறவர்கள் ஏற்கெனவே எதற்குப் பயப்படுகிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஒரு போலீஸ் படமும் பார்த்தேன். வில்லன் எங்கே இருக்கிறான் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எங்கள் ஏரியாவில்தான். பின்னால் துறைமுக கிரேன், சுற்றிலும் புகை. அதிகாரி வீட்டில் வெளிச்சம், வில்லன் வீட்டில் எப்போதும் இருட்டு. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ பொகைல துணிய எங்க காய வெக்கிறாங்க?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் வெள்ளைச் சட்டை துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் காலை வெயில் எப்படி அடிக்கும் என்று அந்த கேமராக்காரர் ஒரு தடவை வந்து பார்க்கலாம். டீ நான் வாங்கித் தருகிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அண்ணன் கடலில் இருந்தான். அவன் படகோடு கிளம்பிய மற்றப் படகுகள் சனிக்கிழமையே வந்துவிட்டன. அண்ணன் போன படகு வரவில்லை. ஓனர் சொன்னார், "வயர்லெஸ்ல பேசினேன், இன்னும் தூரமாப் போயிருக்காங்க, வந்துடுவாங்க." எப்போது பேசினார் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. காற்று பலமாக இருக்கும், கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வேறு வந்திருந்தது. இனிமேல் போகப் போகிறவர்களுக்குச் சரி. ஏற்கெனவே போனவர்களுக்கு?

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் இவ்வளவு நாள் தங்குவது இதுதான் முதல் தடவை. அண்ணி போனைக் கையிலேயே வைத்திருந்தார். சோறு வடிக்கும்போதும். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்லும் அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டாரோ.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவள எங்கனாச்சும் இட்டுகினு போலாம். தண்ணி இல்லாத படமா பாரு."

பார்த்தேன். ஒரு குடும்பப் படம் ஓடிக்கொண்டிருந்தது. டிரெய்லர் முழுக்கச் சமையலறையும் கோர்ட்டும்தான். கணவன் மனைவி சண்டை, விவாகரத்து, வக்கீல். ஏற்கெனவே பார்த்திருந்த ஆபீஸ் தோழிக்கு போன் போட்டேன். "சூப்பர் படம்ப்பா. முடிவு மட்டும் சொல்ல மாட்டேன், ஸ்பாய்லர் ஆயிடும்" என்றாள். கோர்ட் படத்தின் முடிவில் என்ன வந்துவிடும்? தீர்ப்பு வரும். "தண்ணி இல்ல, போலாம்" என்று சான்றிதழ் கொடுத்தேன்.

படம் உண்மையிலேயே நல்ல படம். அந்த மனைவியாக நடித்த பெண் அழாமலே அழ வைத்தார். கணவன் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். அவனுடைய அப்பா மீனவராக இருந்து இறந்தவர். இவன் கடல் பக்கமே போகாதவன். அப்பாவின் ஃபைபர் படகு வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. அண்ணி பாப்கார்ன் சாப்பிட்டார். இடைவேளையில் சமோசா கேட்டார். அம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். எனக்கு அவார்டு கிடைத்த மாதிரி இருந்தது.

கடைசிப் பத்து நிமிடம். தீர்ப்பு வருகிறது. அவன் வீட்டுக்கு வருகிறான். யாருமே இல்லை. பின்பக்கம் போகிறான். அந்தப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

"ஏ பட்டதாரி... இவன் எங்க போறான்?" என்றார் டில்லியக்கா.

தனியாகக் கடலுக்குள் போகிறான். காற்று. ஒரு பெரிய அலை. படகு புரள்கிறது. தண்ணீருக்கு மேல் ஒரு கை தெரிகிறது. தலை தெரிகிறது. மூச்சு விடுகிறான்... கேமரா மெல்ல மெல்லப் பின்னால் போகிறது. கடல் மட்டும். எழுத்து, இயக்கம்.

அந்த ஷாட் எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன். முடிவைப் பார்வையாளர் கையில் விடும் இயக்குநர்தான் பார்வையாளரை மதிக்கிறவர் என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். தலைக்குள் இந்த வாரப் பத்திக்கான வாக்கியங்கள் வரிசையாக வந்து நிற்கவே ஆரம்பித்துவிட்டன.

அப்போதுதான் பக்கத்தில் திரும்பினேன்.

அண்ணி இருக்கையின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விண்வெளிக்காரனுக்குச் சிரித்த அதே அண்ணி. திரையில் ஓடும் பெயர்களை ஒன்று விடாமல் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்களுக்குப் பிறகு ஏதாவது காட்சி வருமா என்று காத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பிறகுதான் புரிந்தது. சில படங்களில் வரும்தானே.

வரவில்லை. திரை வெள்ளையானது.

"சுகுணா, வா போலாம்" என்றார் அம்மா.

"அவன் கரையேறலியே அத்த."

வழக்கம் அம்மா சொல்லிக் கொடுத்தது. கடலில் இருப்பது அவர் பிள்ளை.

அடுத்த ஷோவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். செக்யூரிட்டி வந்து டார்ச்சால் வாசலைக் காட்டினார். வேறு வழியில்லை. எழுந்தோம். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பைக் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைச் சுவர் இருக்கிறது. அண்ணி அதில் போய் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க அத்த, நா அப்பால வர்றேன்." எங்கே வருவார்? அவரை அங்கே விட்டுவிட்டு யார் போவது? நாங்களும் வரிசையாக உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

பிறகு டில்லியக்கா தொண்டையைக் கனைத்தார்.

"நேவி ஹெலிகாப்டர் ஒண்ணு வருது."

நான் அண்ணாந்து பார்த்தேன்.

"அங்க இல்லம்மே, படத்துல. மேலேர்ந்து கயிறு வுடறான். இவன் புட்ச்சிக்கினான்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஹெலிகாப்டர் வர்றதுக்கு இவன் இன்னா மந்திரி மவனா? நம்மாளுங்களுக்கு வராதது இவனுக்கு மட்டும் வருமா?"

"சினிமாதானே யக்கா."

"சினிமால்ல. அவங்க முட்ச்சிட்டு போயிட்டாங்க. இப்ப இது நம்ப கணக்கு. நடக்கறத சொல்லு."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் பாதியில் அந்தப் படகைக் காட்டும்போது, கூடவே ஒரு மஞ்சள் கேனைக் காட்டினார்கள். படகோடு கட்டிய காலி டீசல் கேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. தேவையில்லாத ஷாட் என்று மனதுக்குள் மைனஸ் மார்க் போட்டிருந்தேன். இப்போது அதே கேன் எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தது தெரியுமா?

"கேன் இருக்கு" என்றேன். "மஞ்சள் கேன். படகுல கட்டியிருந்துச்சே. ரெண்டு தடவை காட்டினாங்க. சும்மாவா காட்டுவாங்க? மூடி போட்ட காலி கேன், மிதக்கும். அதைப் புடிச்சுக்கிட்டான்."

அண்ணி முதல் தடவையாகத் திரும்பினார். "ஆமா. கீது. நானும் பார்த்தேன்."

"கேனு சரி" என்றார் அம்மா. சினிமா பார்த்துப் பார்த்து நான் வளர்த்த அறிவுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் அங்கீகாரம். சான்றிதழ் கொடுத்துக் கோட்டை விட்டதற்கு இது ஈடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டில்லியக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கேனப் புட்ச்சிகினு மெதக்கறான். அந்தாண்ட ஒரு போட்டு வருது. பார்த்துட்டாங்க. ஏத்திக்கினாங்க. டீ குட்தாங்க."

"மொதல்ல தண்ணி குடுக்கணும். உப்புத் தண்ணி குட்ச்சிருப்பான்."

"சரி, தண்ணி குட்தாங்க. அப்பால டீ. போதுமா யக்கா?"

"பன்னு குடு. பசில இருப்பான்."

பன்னும் கொடுக்கப்பட்டது. இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். கரையேற்றுவது. அதை யார் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தோம். அண்ணியை மட்டும் பார்க்கவில்லை.

"நா சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி. "தப்பா எதுனா சொல்லிட்டா?"

"இதுல தப்பா சொல்றதுக்கு இன்னா கீது?" என்றார் அம்மா. "வூட்டுக்கு வர்ற வழி உனுக்குத் தெரியாதா?"

அண்ணி போனைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"போட்டு உள்ள வருது. கட்றாங்க. எறங்கறான். நேரா வர மாட்டான். டீக்கடையாண்ட தோஸ்துங்க இருப்பானுங்க, அங்க நின்னு கத பேசுவான். அப்பால வர்றான். கதவ கையால தொறக்க மாட்டான், காலாலதான் தள்ளுவான். எத்தினி தபா சொல்லிகீறேன். தாப்பாவே ஒட்ஞ்சி கீது..."

படத்தில் வந்த கணக்கருடைய வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. யாரும் திருத்தவில்லை.

"உள்ள வந்து, சோறு கீதான்றான்."

"நீ இன்னா சொன்ன?" டில்லியக்கா கேட்டார்.

"மொதல்ல போய் குளி, கவுச்சி தாங்கல, வூட்டயே நாற அடிக்கிறன்னேன்."

டில்லியக்கா சிரித்த சிரிப்பில் பைக் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். அண்ணி எழுந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "போலாம் அத்த. ஒலை வெக்கணும்."

நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுப்பவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "எந்தப் படம்மா அது? நல்லாகீதா?"

"கடேசி மட்டும் நல்லாகீது" என்றார் டில்லியக்கா.

ஷேர் ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். முடிவைப் பார்வையாளர் கையில் விட்டுவிட்டார் — இந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கிறேன், நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த முடிவைக் கையில் வாங்கியவரை நாம் பார்த்திருக்கிறோமா? நாம் என்ன செய்கிறோம்? ஆஹா என்கிறோம், நாலு வரி போஸ்ட் போடுகிறோம், அந்த ஆளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம். கொடுத்ததை உண்மையிலேயே வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து வேலை பார்த்து முடித்தவர்கள் இந்த மூன்று பெண்கள்தான். அந்த இயக்குநருக்கு இதைவிட நல்ல பார்வையாளர்கள் கிடைக்க மாட்டார்கள்.

ஆகவே என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட முடிவு நல்லதுதான். ஒரே ஒரு சேர்க்கை — கொஞ்சம் முன்னால் ஒரு மஞ்சள் கேனைக் காட்டிவிடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்தான். வழியில் இன்ஜினில் கோளாறு, மெதுவாக வந்தார்களாம். டீக்கடையில் நின்றுவிட்டுத்தான் வந்தான். கதவைக் காலால்தான் தள்ளினான். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்ததில்தான் அண்ணன் கொஞ்சம் பயந்துபோனான்.

கதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படி என்ன படம் என்று மறுநாள் தோஸ்துகளோடு போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். வந்ததும் செம கடுப்பு.

"இன்னா படம் எட்த்துகீறான்? அந்த ஆளு இன்னா ஆனான்னே சொல்ல மாட்டேன்றான்."

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"அவன் அப்பவே வூட்டுக்கு வந்து, குளிச்சி, சோறு துன்னுட்டு பட்த்துகினான். நீ கைய கயுவு."